சங்கத்துக்கு வந்த பல்

நான் வேலை பார்த்த பல் ஆஸ்பத்திரியின் வாசலில் இரண்டு பலகைகள் தொங்கின. ஒன்று டாக்டருடைய பெயரும் படிப்பும் போட்டது. அதனால் எனக்கு ஒரு தொந்தரவும் வந்ததில்லை. இன்னொன்று அதற்குக் கீழே, ஒரு முழ நீளத்தில், பச்சை எழுத்தில் 'பல் மருத்துவர் சங்கம், கிளைச் செயலாளர்' என்று எழுதியது. தொண்ணூறுகளின் நடுவில் அந்தப் பலகை ஏறிய நாளோடு என் நிம்மதி போயிற்று.

ஆஸ்பத்திரி கோயமுத்தூரில் டவுன்ஹாலுக்கும் உக்கடத்துக்கும் நடுவில் ஒரு மாடியில் இருந்தது. பொள்ளாச்சிப் பஸ்ஸில் வருகிறவர்கள் இறங்கி நடந்தே வந்துவிடலாம். நான் பத்தாவது முடித்து, டைப்ரைட்டிங்கில் தமிழும் இங்கிலீஷும் லோயர் பாஸ் செய்திருந்தேன். வருகிறவர்களின் பெயரை நோட்டில் எழுதுவது, குறடுகளைக் கொதிக்க வைப்பது, அடுத்தவரை உள்ளே அனுப்புவது, இவ்வளவுதான் வேலை. எனக்கு நாலு பேர் முன்னால் பேச்சு வராது. பெயரைச் சத்தமாகக் கூப்பிடக்கூட வெட்கம். பக்கத்தில் போய் மெல்லச் சொல்லுவேன். பல்வலியோடு இருப்பவர்களுக்கு அது பிடித்திருக்கிறது என்று டாக்டர் சொன்னதால் அப்படியே விட்டுவிட்டேன்.

செயலாளர் ஆன மறுநாள் காலையில் டாக்டர் ஒரு கட்டு உறைகளையும் ஒரு ரப்பர் ஸ்டாம்பையும் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார். சங்கத்துக் கடிதங்களையும் நானே பார்த்துக்கொள்ளலாம், பெரிய வேலை ஒன்றுமில்லை, மாதத்துக்கு நாலு கடிதம் வந்தால் அதிகம் என்றார். நான் "செரிங்க" என்றேன்.

எங்கள் பக்கத்தில் 'செரிங்க' என்றால் ஒத்துக்கொண்டேன் என்று அர்த்தமில்லை. நீங்கள் சொன்னது காதில் விழுந்தது, உங்கள் பேச்சுக்கு மரியாதை கொடுக்கிறேன், அவ்வளவுதான். ஒத்துக்கொண்டோமா இல்லையா என்பது அப்புறம் தெரியவரும். இது டாக்டருக்கும் தெரியும். அவரும் இந்த ஊர்க்காரர்தான். ஆனால் செரிங்கவைச் சொன்னவள் நானாகவும் வேலையைக் கொடுப்பவர் அவராகவும் இருந்தால் மட்டும் அது அவருக்கு மறந்துபோகும்.

நாலு கடிதம் என்றது பெரிய பொய். சங்கத்துக்குத் தலைமை டில்லியில். மாநிலக் கிளை சென்னையில். இங்கே நாங்கள். டில்லி போடும் சுற்றறிக்கை நேராக ஒரு தடவை வரும், சென்னை வழியாக ஒரு தடவை வரும். இரண்டிலும் ஏதாவது ஒரு வரி மாறியிருக்கும். எது சரி என்று கேட்டு நான் டைப் அடித்து அனுப்பினால், இரண்டுக்கும் ஒத்துவராத மூன்றாவது ஒன்று வரும். மாநாட்டு மேடையில் யார் யாருக்கு நாற்காலி என்று ஒரு மாதம் கடிதம் போனது. சட்டையில் குத்தும் பேட்ஜுக்கு ரிப்பன் நீலமா சிவப்பா என்று இன்னொரு மாதம் போனது. நீலம் என்று முடிவானபோது சிவப்பு வந்து சேர்ந்தது. கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஒரு பெரிய டாக்டர் தன் பெயருக்குப் பின்னால் ஒரு புள்ளி விட்டுப்போயிற்று என்று மூன்று தடவை எழுதினார். மூன்று தடவையும் நான் மன்னிப்புக் கடிதம் டைப் அடித்தேன்.

சங்கமே வீண் என்று சொல்ல மாட்டேன். அவர்கள் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடி, ஊசி போடும் முறையில் வந்த மாற்றம், சொத்தைக்குப் புது மாதிரி அடைப்பு என்று யாராவது ஒருவரைப் பேசவைத்துக் கேட்டார்கள். எங்கள் டாக்டர் அப்படிக் கேட்டுவந்து சில பழக்கங்களை மாற்றிக்கொண்டார். குறடுகளைக் கொதிக்க வைக்கும் நேரம் கூடியதும் அப்படித்தான். கிராமத்துப் பள்ளிக்கூடங்களில் முகாம் போட்டார்கள். கிணத்துக்கடவுப் பக்கத்துப் பள்ளிக்கு பிரஷ் ஒரு நாளும் பேஸ்ட் மறுவாரமும் போய்ச் சேர்ந்தன என்றாலும், போய்ச் சேர்ந்தன.

ஆனால் சங்கத்துக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்த வேலை ஒன்று இருந்தது. பொள்ளாச்சிச் சந்தையில் ஒரு ஆள் சாக்கு விரித்து, பிடுங்கிய பற்களைக் குவித்து வைத்துக்கொண்டு, அதையே விளம்பரமாகக் காட்டிப் பல் பிடுங்கிக்கொண்டிருந்தார். படிப்பில்லாமல் வைத்தியம் செய்கிறார் என்று அவர் மேல் கலெக்டருக்கு மனு, போலீசுக்கு மனு, சுகாதார ஆபீசுக்கு மனு. நான் அவரை ஒரு நாளும் பார்த்ததில்லை. ஆனால் அவரைப் பற்றி டைப் அடித்த அளவுக்கு என் சொந்தக்காரர் யாரைப் பற்றியும் நான் எழுதியதில்லை.

இந்த நிலையில்தான் ஒரு புதன்கிழமை அந்த அக்கா வந்தார். நாற்பது வயதிருக்கும். தலையில் பஞ்சுத் தூசி ஒட்டியிருந்ததைப் பார்த்ததும் மில்லில் வேலை என்று தெரிந்தது. இடது கன்னம் வீங்கியிருந்தது. நான் நோட்டைத் திறந்து பெயர் கேட்டேன். வேண்டாம் என்று கையை ஆட்டினார்.

"பல்லுக் காட்ட வல்ல கண்ணு. சங்கத்துக்கு வந்திருக்கறேன்."

அவர் சொன்னது இது. கிணத்துக்கடவுப் பக்கம் ஊர். நூல் மில்லில் ஸ்பின்னிங்கில் வேலை. புதன்கிழமை வார லீவு, ராத்திரி ஷிப்ட் முடிந்து நேரே வந்திருக்கிறார். இடது பக்கம் கீழே பல் நோவு தாங்காமல், மில்லுக்குப் பக்கத்தில் புதிதாக ஆஸ்பத்திரி வைத்திருக்கும் ஒரு டாக்டரிடம் போயிருக்கிறார். இளவயசுக்காரர், தெற்கத்திச் சீமையிலிருந்து வந்தவர். வாய்க்குள் கண்ணாடியை விட்டுப் பார்த்து, இந்தப் பல்தானா என்று கேட்டாராம். செரிங்க. எடுத்துவிடலாமா. செரிங்க. ஊசி போடுகிறேன். செரிங்க. எடுத்தது, ஒரு கெடுதலும் இல்லாத பல். கெட்டுப்போனது அதற்குப் பின்னாலிருக்கும் கடைசிப் பல். ஊசி வேலை செய்த வரைக்கும் ஒன்றும் தெரியவில்லை. வீட்டுக்குப் போனதும் நோவு அதே இடத்தில் இருந்தது. திரும்பிப் போய்க் கேட்டபோது, நீங்கள்தானே சரி என்று சொன்னீர்கள் என்றாராம் டாக்டர். அடுத்த தடவை போனபோது, பக்கத்துப் பல்லையும் எடுத்துவிடலாம் என்றாராம்.

"அவரு சொன்னதுல தப்பில்ல. அதுந்தான் கெட்டுக் கெடக்குது. ஆனா மொதல்ல, நல்ல பல்லப் புடுங்கிப்போட்டேன்னு அவரு வாயில ஒரு சொல்லு வரோணும். அதுக்கப்பறந்தான் நான் வாயத் தொறப்பேன். அவருகிட்டயும் செரி, வேற ஆருகிட்டயும் செரி."

எங்கள் டாக்டரிடம் இப்போதே காட்டிவிடலாம், வீக்கம் இருக்கிறது, சும்மா விடக்கூடாது என்று நான் மெல்லச் சொன்னேன். "செரி கண்ணு" என்றார். எழுந்திருக்கவில்லை. முந்தானையில் முடிந்திருந்த ஒரு மூக்குப்பொடி டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்தார். திறந்தால் உள்ளே ஒரு பல். இரண்டு வேரும் முழுசாக, ஒரு பொட்டு சொத்தைகூட இல்லாமல் இருந்தது. அத்தனை நல்ல பல்லை அந்த ஆஸ்பத்திரியில் நான் கையில் எடுத்துப் பார்த்ததில்லை.

இது அவர் நினைக்கிற மாதிரிச் சங்கம் இல்லை என்பதை எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்த சங்கம் மில் சங்கம். மெஷினில் கை மாட்டினால் சங்கம் போய் மேனேஜரைக் கேட்கும். பல்லில் அடிபட்டால் கேட்பதற்கும் ஒரு சங்கம் இருக்கிறது என்று பஸ்ஸிலிருந்து எங்கள் பலகையைப் பார்த்துத் தெரிந்துகொண்டிருக்கிறார். இது டாக்டர்களுக்கு டாக்டர்களே வைத்துக்கொண்ட சங்கம் என்று ஒருவழியாகச் சொன்னேன்.

"அப்பப் பல்லு நோவுறவங்களுக்குச் சங்கம் இல்லியா? புடுங்கறவங்களுக்குத்தானா?"

ஆமாங்க என்றேன்.

அவர் டப்பாவை மூடினார். "அதுஞ் செரிதான். அவரு சங்கம் சொன்னாத்தான அவரு கேப்பாரு."

நோட்டை மூடிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடப் போனேன்.

சாயங்காலம் டாக்டரிடம் சொன்னேன். அவர் நல்ல மனிதர். சிரித்த முகம். யாரோடும் சண்டை போடத் தெரியாதவர், அதனால்தான் செயலாளர் ஆக்கினார்கள். அவர் நெற்றியைத் தடவிக்கொண்டு, சங்கத்துக்கு யாரையும் தண்டிக்கும் அதிகாரமெல்லாம் கிடையாது, டாக்டர்களைப் பதிவு செய்கிற கவுன்சில் என்று ஒன்று தனியாகச் சென்னையில் இருக்கிறது, அங்கே எழுதிப் போடச் சொல் என்றார். அடுத்த புதன்கிழமை அந்த அக்காவிடம் அப்படியே சொன்னேன். தண்டிக்க யார் சொன்னது, ஒரு வார்த்தை சொல்லத்தானே சொன்னேன் என்றார். நான் அதை டாக்டரிடம் சொன்னேன். எழுத்தில் ஒன்றும் வராமல் நாங்களாக என்ன செய்ய முடியும் என்றார் டாக்டர். அதற்கடுத்த புதன்கிழமை அதையும் சொன்னேன்.

"எழுத்துத்தான வேணும்? எழுது கண்ணு" என்று என் முன்னால் உட்கார்ந்துவிட்டார்.

எனக்குச் செரிங்க என்பதைத் தவிர வேறு என்ன வரும்? அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். கீழே கையெழுத்துப் போட்டுக்கொடுத்தார். நான் பேனாவை வைத்துவிட்டு, ஸ்டாம்பை எடுத்து, 'பெறப்பட்டது' என்று அதன்மேல் குத்தினேன். பிறகு டைப்ரைட்டர் உறையைக் கழற்றி, 'தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றோம், விரைவில் பரிசீலிக்கப்படும்' என்று பதில் அடித்து, டாக்டரிடம் கையெழுத்து வாங்கி, எதிரே உட்கார்ந்திருந்த அந்த அக்காவின் கையிலேயே கொடுத்தேன். புகார் எழுதியது நான், வாங்கியது நான், பதில் சொன்னது நான். அவர் பதிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு முதல் தடவையாகச் சிரித்தார். வீக்கத்தினால் ஒரு பக்கம்தான் சிரிக்க முடிந்தது.

"உனக்கும் ஒரு சங்கம் வேணும் கண்ணு."

விரைவில் என்றால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை. கூட்டம் ஒரு ஹோட்டல் மாடி ஹாலில் நடக்கும். நான் காப்பி வைத்திருக்கும் மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நடந்ததை எழுத வேண்டும். முதல் கூட்டத்தில் இந்த மனுவை எடுப்பதற்குள் டிபன் வந்துவிட்டது. 'அடுத்த கூட்டத்தில் எடுத்துக்கொள்ளப்படும்' என்று எழுதினேன். அடுத்த மாதக் கூட்டத்தில் டில்லித் தேர்தலுக்கு யாருக்கு ஓட்டுப் போடுவது என்பதிலேயே மத்தியானம் ஆகிவிட்டது. 'அடுத்த கூட்டத்தில்' என்று மறுபடியும் எழுதினேன். அந்த வருஷங்களில் டாக்டர்களுக்கு ஒரு பயமும் இருந்தது. நோயாளிகள் நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாம் என்று ஆகியிருந்தது. அதனால் தப்பு, தவறு, பிழை என்று எந்தச் சொல்லும் காகிதத்தில் ஏறிவிடக்கூடாது என்பதில் எல்லோரும் கவனமாக இருந்தார்கள். ஒருவர் 'மனு' என்பதே வேண்டாம், 'கடிதம்' என்று எழுதலாம் என்றார். அடித்துவிட்டுக் கடிதம் என்று எழுதினேன்.

இதற்கிடையில் ஒவ்வொரு புதன்கிழமையும் அந்த அக்கா வந்துகொண்டிருந்தார். வீக்கம் சில வாரம் வடியும். சில வாரம் கண்ணுக்குக் கீழே வரை வரும். எங்கள் டாக்டர் வாயைப் பார்க்காமலே மாத்திரை எழுதிக்கொடுத்தார். ஒரு தடவை அவரே வெளியே வந்து, இப்படியே விட்டால் சீழ் எலும்பில் இறங்கும் அம்மா, பெரிய ஆஸ்பத்திரியில் சேர்க்கிற மாதிரி ஆகிவிடும், என் பேச்சைக் கேளுங்கள் என்று கெஞ்சினார். "செரிங்க டாக்டருங்க" என்று எழுந்து நின்று மரியாதையாகச் சொன்னார் அந்த அக்கா. மாத்திரையை வாங்கிக்கொண்டு பஸ் ஏறிப் போய்விட்டார். எனக்கு டாக்டர் மேல் எரிச்சல், அந்த அக்கா மேலும் எரிச்சல். எல்லோரையும்விட என் மேல்தான் அதிகம். இரண்டு பேருக்கும் நடுவில் நான் ஒரு தபால் பெட்டி மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

மூன்றாவது கூட்டத்துக்கு முந்தின புதன்கிழமை மூக்குப்பொடி டப்பாவை என்னிடம் கொடுத்துவிட்டார். அவரால் வாயைச் சரியாகத் திறந்து பேச முடியவில்லை. காய்ச்சல் வேறு. கூட்டத்தில் இதைக் காட்டு என்று கையால்தான் சொன்னார். நான் எப்படிக் காட்டுவேன்? காப்பி வேண்டுமா என்று கேட்கவே எனக்கு வாய் வராத இடம் அது. செரிங்க என்று டப்பாவை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மனு ஒருவழியாக எடுக்கப்பட்டது. அந்த இளம் டாக்டரும் வந்திருந்தார். அப்போதுதான் அவரை முதலில் பார்த்தேன். ஒல்லியாக, பயந்த முகமாக இருந்தார். இவர்தானா என்று ஆகிவிட்டது எனக்கு. எழுந்து நின்று, நோயாளியை மூன்று தடவை கேட்டேன், மூன்று தடவையும் சரி என்றார், அதற்குமேல் நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார்.

கோபிசெட்டிபாளையத்துப் பெரிய டாக்டர் சிரித்தார். "நம்ம சனம் தலைய எடுத்தரலாமான்னு கேட்டாலும் செரிங்கன்னுதான் தம்பி சொல்லும்."

ஹாலே சிரித்தது. பிறகு பேச்சு வேறு பக்கம் போயிற்று. உறுப்பினரை விட்டுக்கொடுத்தால் நாளைக்கு நமக்கும் இதே கதிதான் என்று ஒருவர் சொன்னார். சங்கம் எதற்கு இருக்கிறது, நம்மைப் பாதுகாக்கத்தானே என்று இன்னொருவர் கேட்டார். இப்படியே கொஞ்ச நேரம் ஓடி, எங்கள் டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். நோயாளி முழுச் சம்மதம் தெரிவித்திருப்பதால் இந்தக் கடிதத்தின்மேல் நடவடிக்கை தேவையில்லை என்று முடிவு செய்யப்பட்டது, எழுதிக்கொள் அம்மணி என்றார்.

"செரிங்க" என்றேன்.

அவர் அடுத்த விஷயத்துக்குப் போய், வரப்போகும் முகாமுக்கு எத்தனை பேனர் என்று பேசிவிட்டு, மறுபடி என்னைப் பார்த்தார். என் பேனா மூடியபடி இருந்தது.

"எழுதிட்டியா அம்மணி?"

"இல்லீங்க."

"செரிங்கன்னயே?"

"காதுல உழுந்துச்சுங்கன்னு சொன்னனுங்க. எழுதறன்னு சொல்லலீங்க."

திட்டம் போட்டுச் சொன்னதில்லை. உண்மை அதுதான், அதனால் வாயில் வந்துவிட்டது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இனி எப்படியும் வேலை போயிற்று, போனதோடு டப்பாவும் போகட்டும் என்று அதை எடுத்து, யாரிடம் கொடுப்பதென்று தெரியாமல், பக்கத்திலிருந்த கோபி டாக்டர் முன்னால் வைத்தேன்.

அவர் மூடியைத் திறந்து மூக்குக்கு நேரே கொண்டுபோனார். பலமாக ஒரு தும்மல். பிறகு இன்னும் இரண்டு. கண்ணைத் துடைத்துக்கொண்டு கண்ணாடியை மாட்டி, பல்லை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பக்கத்து டாக்டரிடம் கொடுத்தார். அவர் அடுத்தவரிடம். பல் ஹாலைச் சுற்றிப் போனது. பேட்ஜ் ரிப்பனுக்கு ஒரு மாதம் சண்டை போட்டவர்கள், இந்தப் பல்லைப் பற்றி ஒருவருக்கொருவர் மாறுபட்டு ஒரு வார்த்தை பேசவில்லை. பார்த்தவுடன் தெரிகிற விஷயம் அது. அவர்கள் எல்லோரும் அதைப் படித்தவர்கள்.

கடைசியில் அது இளம் டாக்டர் கைக்கு வந்தது. அவர் வெகுநேரம் வைத்திருந்தார்.

"இந்த ஊர்ல சரின்னா சரியில்லன்னு எங்கிட்ட யாருமே சொல்லலையே" என்றார். சண்டைக்குக் கேட்கிற மாதிரி இல்லை. நிஜமாகவே கேட்டார்.

அதற்குத்தானே தம்பி இந்தச் சங்கம் இருக்கோணும் என்றார் கோபி டாக்டர். அன்றைக்கு அந்த ஹாலில் சங்கத்தைப் பற்றி நான் கேட்ட உருப்படியான பேச்சு அது ஒன்றுதான்.

என் வேலை போகவில்லை. ஆனால் சங்கம் சங்கமாகவே இருந்தது. நடந்ததை எழுத்தில் ஒத்துக்கொள்ள முடியாது என்பதில் ஒரு அங்குலம் நகரவில்லை. அதற்குப் பதிலாகத் தீர்மானம் ஒன்று போட்டார்கள். பல் எடுக்கும் முன் நோயாளியின் கையில் கண்ணாடியைக் கொடுத்து, எந்தப் பல் என்று அவர் விரலாலேயே தொட்டுக் காட்டச் சொல்ல வேண்டும். அதோடு எக்ஸ்ரே படமும் எடுத்துப் பார்க்க வேண்டும். வெறும் 'செரிங்க'வைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இதை இங்கிலீஷில் டைப் அடித்து மேலே அனுப்பச் சொன்னார்கள். செரிங்கவுக்கு இங்கிலீஷில் என்ன என்று அரை மணி நேரம் பேசி, ஒன்றும் அமையாமல் அப்படியே எழுத்துக் கூட்டிப் போடச் சொன்னார்கள். இரண்டு மாதம் கழித்து டில்லியிலிருந்து பதில் வந்தது. தங்கள் தீர்மானத்தில் குறிப்பிட்டிருக்கும் 'செரிங்க' என்ற மருந்து எங்கே தயாராகிறது, விவரம் தெரிவிக்கவும் என்று கேட்டிருந்தார்கள்.

அதெல்லாம் பிறகு. அந்த வாரம் புதன்கிழமை, யாரும் சொல்லாமலே இளம் டாக்டர் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்து, நோயாளிகள் உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். பதினொரு மணிக்கு அந்த அக்கா படியேறி வந்தார். காய்ச்சலோடு, தலையில் துண்டைச் சுற்றியிருந்தார். பெஞ்சில் இருந்தவரைப் பார்த்ததும் நின்றுவிட்டார். இளம் டாக்டர் எழுந்தார். பெஞ்சில் வேறு மூன்று பேர் இருந்தார்கள். உள்ளே போய்ப் பேசலாம் என்று நான் கதவைத் திறந்தேன். இளம் டாக்டர் உள்ளே போகவில்லை.

"நல்ல பல்லைப் பிடுங்கிட்டேன்மா. தப்பு எம்மேலதான். நீங்க திரும்ப வந்து சொன்னப்பவும் நான் கேக்கல."

"செரிங்க" என்றார் அந்த அக்கா.

எங்கள் டாக்டர் உள்ளறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். இளம் டாக்டர் அவரைப் பார்த்தார். இரண்டு பேரும் சேர்ந்து என்னைப் பார்த்தார்கள், இது எந்தச் செரிங்க என்று நான் ஏதோ சீட்டெழுதிக் கொடுக்கப் போகிற மாதிரி. எனக்கு எப்படித் தெரியும்? நானும் அந்த அக்காவைத்தான் பார்த்தேன்.

அவர் துண்டை அவிழ்த்து மடித்து என் மேசைமேல் வைத்தார். நேராக உள்ளே போய் நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, திறக்க முடிந்த அளவுக்கு வாயைத் திறந்து, கடைசிப் பல்லில் விரலை வைத்தார். பிறகு விரலை எடுத்துவிட்டு எங்கள் டாக்டரிடம் சொன்னார்.

"நீங்க எடுங்க. இவுரு பக்கத்துல நின்னு எண்ணிக்கட்டுங்க."

அன்றே எடுக்க முடியவில்லை. சீழை வடித்து, ஊசியும் மருந்தும் கொடுத்து, அதற்கடுத்த புதன்கிழமைதான் எடுத்தார்கள். இளம் டாக்டர் அன்றைக்கும் வந்து, விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். வாயில் பஞ்சைக் கடித்தபடி அந்த அக்கா வெளியே வந்ததும் நான் மூக்குப்பொடி டப்பாவை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. பச்சை எழுத்துப் பலகை இருக்கும் பக்கம் கையைக் காட்டிவிட்டுப் படியிறங்கிப் போனார். அது சங்கத்துக்கே இருக்கட்டும் என்கிறார் என்று அர்த்தம் செய்துகொண்டேன். இதற்கும் ஒரு இடம் தேட வேண்டியதாயிற்று. ரப்பர் ஸ்டாம்புக்குப் பக்கத்தில் வைத்துப் பூட்டினேன்.

அடுத்த வருஷம் செயலாளர் பதவி வேறு ஒரு டாக்டருக்குப் போனது. சங்கத்துச் சாமான்களை ஒப்படைக்க ஒரு பட்டியல் டைப் அடிக்கச் சொன்னார்கள். ரப்பர் ஸ்டாம்பு, பேனர், மிச்சம் இருந்த சிவப்பு ரிப்பன், கடிதக் கட்டுகள் என்று அடித்துக்கொண்டே வந்து, கடைசி வரியில் 'பல், நல்லது, ஒன்று' என்று அடித்தேன்.

புதுச் செயலாளர் பட்டியலை வாங்கினார். எல்லாம் சரியாக இருக்கிறதா அம்மணி என்று கேட்டுக்கொண்டே, படித்துப் பார்க்காமல் கீழே கையெழுத்துப் போட்டார்.